பலத்தைக் காட்டப் போய்த் தோற்ற ஆட்டம்

2024 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவு: மிச்சிகன் 13, ஓஹையோ ஸ்டேட் 10. ஓஹையோ ஸ்டேட் அப்போது தரவரிசையில் நாட்டிலேயே இரண்டாவது அணி. அதுவரை 10 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, அதுவும் ஆரிகனிடம் ஒரே புள்ளியில். மிச்சிகனுக்கு 6 வெற்றி, 5 தோல்வி. முதல் 25 அணிகளின் பட்டியலிலேயே அது இல்லை. ஓஹையோ ஸ்டேட் சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயச் சந்தை கணித்திருந்தது. ஆட்டமும் சொந்த மைதானத்தில், ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முன்னால்.

அன்று சாயங்காலம் தொடங்கிய "ஏன் தோற்றோம்?" என்ற வாக்குவாதம், அதே அணி ஏழே வாரங்களில் தேசிய சாம்பியன் ஆன பிறகும் நிற்கவில்லை. உதைப்பவர்தான் காரணம், குவாட்டர்பேக்தான் காரணம், காயங்கள்தான், பயிற்சியாளர்தான் என்று ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் கருத்து வேறு. முந்தைய மூன்று வருடத் தோல்விகளுக்கு ஊரே சேர்ந்து ஒரு காரணம் சொல்லியிருந்தது. அந்தக் காரணத்தைப் பொய்யாக்கத் துடித்ததில்தான் நான்காவது தோல்வி வந்தது.

இந்த விளையாட்டு பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். முன்னேற இரண்டு வழி: பந்தைச் சுமந்துகொண்டு ஓடலாம், அல்லது குவாட்டர்பேக் வீச, ரிசீவர் பிடிக்கலாம். எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு உதையில் இன்னொரு புள்ளி. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடிக்கலாம், 3 புள்ளி. ஓடுவதா, வீசுவதா என்ற கேள்வியைச் சுற்றித்தான் இந்தத் தோல்வியின் கதை முழுக்க நகர்கிறது.

நூறு வருடத்துக்கும் மேலான பகை

இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897-இல். 1835-இல் டொலீடோ பகுதி யாருக்கு என்று இரண்டு மாநிலங்களும் ஆயுதம் தாங்கிய படைகளை அனுப்பும் அளவுக்குச் சண்டை போட்டவை என்பதால், பகைக்கு வேர் இன்னும் ஆழம் என்று சொல்பவர்களும் உண்டு. கால்பந்தில் இந்தப் பகை உச்சிக்குப் போனது 1969 முதல் 1978 வரை. ஓஹையோ ஸ்டேட்டுக்கு வுடி ஹேய்ஸ், மிச்சிகனுக்கு போ ஷெம்பெக்லர் பயிற்சியாளர்களாக இருந்த அந்தக் காலத்தை "பத்தாண்டுப் போர்" என்றே இன்றும் சொல்கிறார்கள். இருவருக்கும் ஓட்டம்தான் உயிர். பந்தை வீசுவதில் இருவருக்குமே பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. எதிரியை உடல் பலத்தால் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆண்மை என்ற எண்ணம் இந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது அப்போதுதான். ஐம்பது வருடம் கழித்தும் அது போகவில்லை.

ஓஹையோ ரசிகர்கள் மிச்சிகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூடத் தவிர்ப்பார்கள், "வடக்கே இருக்கும் அந்த டீம்" என்பார்கள். ஆட்டம் நடக்கும் வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்துகளின் மேலெல்லாம் சிவப்பு நாடாவால் குறுக்கே அடித்துவிடுவார்கள். மிச்சிகனை வென்றால் ஒவ்வொரு வீரருக்கும் தங்கக் கால்சட்டை வடிவில் ஒரு சிறிய பதக்கம் கிடைக்கும். 1934-இல் பயிற்சியாளராக வந்த ஃபிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்று சொன்னதிலிருந்து வந்த வழக்கம் அது. கடையில் வாங்க முடியாத பொருள்.

இங்கே பயிற்சியாளரின் பதவியே இந்த ஒரு ஆட்டத்தில் தொங்கும். ஜான் கூப்பர் 1988 முதல் 2000 வரை 13 வருடம் அணியை நடத்தினார். நல்ல அணிகளைத்தான் உருவாக்கினார். ஆனால் மிச்சிகனுக்கு எதிராக 2 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். 1993, 1995, 1996 மூன்று வருடங்களிலும் தோல்வியே காணாமல் வந்து மிச்சிகனிடம் விழுந்தார். 1995-இல் மிச்சிகனின் டிம் பியாகபுடுகா தனி ஆளாக 313 யார்டு ஓடினார். அந்த எண்ணை இன்றைக்கும் கொலம்பஸில் நடுத்தர வயதைத் தாண்டிய எந்த ரசிகரிடம் சொன்னாலும் முகம் மாறும். கூப்பருக்குப் பிறகு வந்த ஜிம் டிரெஸல் காலத்தில் நிலைமை தலைகீழானது. 2001 முதல் 2019 வரை மிச்சிகன் ஜெயித்தது இரண்டே முறை, 2003-இலும் 2011-இலும். பின்னர் வந்த பயிற்சியாளர் அர்பன் மேயர் மிச்சிகனுக்கு எதிரான தன் ஏழு ஆட்டங்களிலும் ஜெயித்தார்.

ஆக, ரயன் டே 2019-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது, மிச்சிகனை வெல்வது அன்றாடக் காரியம் போல இருந்தது. அந்த வருடம் 56–27 என்று வென்றார். 2020-இல் கொரோனாவால் ஆட்டம் ரத்து. அப்புறம்தான் எல்லாம் மாறியது.

"மென்மையான அணி" என்ற சொல்

2021-இல் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் 42–27 என்று தோல்வி. மிச்சிகன் அன்று 297 யார்டு ஓடியது. ஹசன் ஹாஸ்கின்ஸ் மட்டும் 5 டச் டவுன். பந்தை எங்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஆட்டம் முடிந்தபின் மிச்சிகனின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜாஷ் கேட்டிஸ் ஒரு பேட்டியில், ஓஹையோ ஸ்டேட் நளினமாக ஆடும் அணி, உடல் வலிமை கொண்ட அணி அல்ல என்ற பொருளில் பேசினார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

2022-இல் கொலம்பஸிலேயே 45–23. உண்மையில் அந்த ஆட்டம் பலவீனத்தால் போனது அல்ல. தற்காப்பில் பின்வரிசை திரும்பத் திரும்ப ஏமாந்தது. 69, 75, 75, 85 யார்டு என்று நான்கு நீண்ட டச் டவுன்கள் விழுந்தன. அது உத்தியின் பிழை. ஆனால் ரசிகர்களும் தொலைக்காட்சி விமர்சகர்களும் பழைய சொல்லையே மறுபடி எடுத்தார்கள்: இவர்கள் மென்மையானவர்கள், அடித்தால் ஒடுங்கிவிடுவார்கள். விவாதம் தவறான தடத்தில் திரும்பியது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு தோல்விக்குக் கிடைத்த விளக்கம் கச்சிதமாக இருந்ததால், வேறு காரணத்தால் வந்த அடுத்த தோல்விக்கும் அதையே பொருத்திவிட்டார்கள்.

அது பயிற்சியாளரையும் எவ்வளவு பாதித்தது என்பதற்கு 2023 செப்டம்பர் 23 சாட்சி. நோட்ர டாமை அதன் சொந்த மண்ணில் கடைசி நொடிகளில் 17–14 என்று வென்ற கையோடு, ரயன் டே நேரலைப் பேட்டியில் கத்தினார். ஓஹையோ ஸ்டேட்டின் உடல் வலிமையைக் குறை சொல்லியிருந்த முன்னாள் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸுக்கு அப்போது 86 வயது. அவர் பெயரைச் சொல்லி, அவர் இப்போது எங்கே என்று கேட்டார். நாட்டின் பெரிய அணி ஒன்றை வென்ற நிமிடத்தில் அவர் மனதில் முதலில் வந்தது அந்தக் குற்றச்சாட்டுதான். அதே வருடம் நவம்பரில் மிச்சிகனிடம் 30–24. கடைசி நிமிடத்தில் வீசிய பந்து எதிரணி கையில் விழுந்தது. ஆக மொத்தம் மூன்று.

2024-க்கு அணியை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பார்த்தால் இந்த வெறி இன்னும் தெளிவாகத் தெரியும். ஜாக் சாயர், ஜே.டி. டுய்மோலோவ், எமேகா எக்புகா, டிரவேயான் ஹெண்டர்சன் எல்லோரும் 2021-இல் சேர்ந்தவர்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போய்ச் சம்பாதித்திருக்கலாம். தங்கக் கால்சட்டை ஒன்றுகூட இல்லாமல் போக மனமில்லாமல் இன்னொரு வருடம் தங்கினார்கள். சாயர் கொலம்பஸை ஒட்டிய ஊரில் வளர்ந்த பிள்ளை. வெளியிலிருந்து குவாட்டர்பேக் வில் ஹோவர்டு, ஓட்டக்காரர் குவின்ஷான் ஜட்கின்ஸ், தற்காப்பில் கேலப் டவுன்ஸ் எல்லோரையும் கொண்டுவந்தார்கள். வீரர்களுக்குக் கொடுத்த தொகை சுமார் 2 கோடி டாலர் என்று விளையாட்டுத் துறை இயக்குநரே சொன்னார். ரயன் டே அதுவரை தன் கையில் வைத்திருந்த ஆட்டத் திட்டப் பொறுப்பை, தன் பழைய குருவான சிப் கெல்லியிடம் ஒப்படைத்தார். மிச்சிகனிடம் தோற்பது, தந்தையை இழந்தது போன்ற சில துயரங்களை விட்டால், தன் வாழ்க்கையில் நடந்த மிக மோசமான விஷயங்களில் ஒன்று என்று வெளிப்படையாகப் பேசினார். இந்த மனநிலையோடுதான் அவர் நவம்பர் 30-க்கு வந்தார்.

ஆட்டத்தில் நடந்தது

மிச்சிகனிடம் அந்த வருடம் பந்து வீசும் திறனே கிட்டத்தட்ட இல்லை. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா ஜனவரியில் தேசியக் கோப்பையை வென்ற கையோடு என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த ஷெரோன் மூருக்கு அது முதல் வருடம். அவர்களின் சிறந்த ரிசீவர் கோல்ஸ்டன் லவ்லண்ட் அன்று ஆடவில்லை. பின்வரிசைத் தற்காப்பின் நட்சத்திரம் வில் ஜான்சனும் காயத்தால் இல்லை. அவர்களிடம் உலகத் தரமாக இருந்தது ஒன்றே ஒன்று: தற்காப்பின் முன்வரிசை நடுவில் நின்ற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு பேர். அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் தேர்வில் ஒருவர் 5-ஆவது ஆளாகவும் மற்றவர் 13-ஆவது ஆளாகவும் போனார்கள். இதுவே அவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று சொல்லும்.

ஓஹையோ ஸ்டேட்டிடம் இருந்ததோ ஜெரமையா ஸ்மித், எக்புகா, கார்னெல் டேட் என்று நாட்டின் சிறந்த ரிசீவர் கூட்டம். அவர்களின் பலவீனம் தாக்குதல் முன்வரிசையில் இருந்தது. அந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஆரிகன் ஆட்டத்தில் காயம்பட்டார். நடுவில் ஆடிய செத் மெக்லாஃப்லின் நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். டாக்கிளுக்குப் பக்கத்தில் கார்டாக ஆடிய டானோவன் ஜாக்சனை டாக்கிளுக்கு நகர்த்தி ஒப்பேற்றியிருந்தார்கள்.

சரி, இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும்? உங்கள் பலம் ஓரத்திலும் ஆழத்திலும் இருக்கிறது. எதிரியின் பலம் சரியாக நடுவில் இருக்கிறது. உங்கள் பலவீனமும் அதே நடுவில்தான். ஓஹையோ ஸ்டேட் நடுவிலேயே போய் முட்டியது. 26 ஓட்டங்களில் 77 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட முழுதாக இல்லை. நன்றாகப் புல் ஷாட் அடிக்கும் பேட்ஸ்மேனுக்கு ஓவர் முழுக்க ஷார்ட் பந்தாகவே போடுவது போன்ற காரியம் இது. மிச்சிகனின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் விங்க் மார்ட்டின்டேல், பின்னால் ஆட்களை ஆழமாக நிறுத்தி, "ஓட முடிந்தால் ஓடிக்கொள்" என்று வழிவிட்டது போல ஆடினார். ஓஹையோ ஸ்டேட் அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டது.

நான்கு கால்பகுதிகளிலும் சேர்த்து ஓஹையோ ஸ்டேட் அடித்த ஒரே டச் டவுன், முதல் பாதி முடியும் தறுவாயில் வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் வேகமாக, வீசி ஆடினார்கள். ஸ்மித் 10 யார்டு பாஸைப் பிடித்தார். 10–10. ரசிகர்களில் பலர் இன்றும் விரல் நீட்டுவது அந்த இரண்டு நிமிடங்களைத்தான். வீசியபோது வேலை செய்தது கண்முன்னே தெரிந்தது. இரண்டாம் பாதியில் மறுபடியும் பழைய வழிக்கே போனார்கள். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

மிச்சிகன் கையிலும் ஒன்றும் அற்புதமில்லை. மொத்தம் 234 யார்டு, அதில் வீசி எடுத்தது வெறும் 62. குவாட்டர்பேக் டேவிஸ் வாரன் இரண்டு முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார். ஒருமுறை எல்லைக் கோட்டருகே சாயரே பறித்தார். ஆனால் கலெல் மல்லிங்ஸ் 32 முறை பந்தைச் சுமந்து 116 யார்டு எடுத்தார். கடைசிக் கட்டத்தில் மூன்றாவது டவுனில் அவர் உடைத்துக்கொண்டு ஓடிய 27 யார்டுதான் ஆட்டத்தை முடித்தது. 45 நொடி மீதமிருக்க, டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து 13–10 ஆக்கினார். அதற்குப் பிறகு மைதான நடுவில் மிச்சிகன் வீரர்கள் கொடியை நட முயன்றதும், கைகலப்பும், போலீஸ் மிளகுத் தூள் அடித்ததும், இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்ததும் எல்லாச் செய்திகளிலும் வந்தவை.

ரசிகர்களின் காரணங்கள் எவ்வளவு தாங்கும்?

முதலில் உதைப்பவர். ஜேடன் ஃபீல்டிங் 34, 38 யார்டு தூரத்திலிருந்து இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டார். 6 புள்ளி போனது. தோற்றது 3 புள்ளியில். கணக்கு சரிதான். அவை இரண்டும் கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் இந்தக் காரணத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 20 புள்ளியில் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஒரு கல்லூரி மாணவனின் ஒரு உதையில் தொங்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பதல்லவா கேள்வி? அந்த மாணவன் மேல் விழுந்த வசை, அவனுடைய பிழையின் அளவுக்குப் பல மடங்கு அதிகம்.

அடுத்து குவாட்டர்பேக். ஹோவர்டு 33-இல் 19 பாஸ்களைச் சேர்த்தார். 175 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு). முதலாவதை ஆமிர் ஹால் பிடித்து 2 யார்டு கோடு வரை கொண்டுபோனதால் மிச்சிகனுக்கு டச் டவுன் இலவசமாகக் கிடைத்தது போல ஆயிற்று. அவர் மோசமாக ஆடினார், மறுக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு டவுனிலும் ஓடி ஒன்றும் கிடைக்காமல், மூன்றாவது டவுனில் ஏழெட்டு யார்டு பாக்கி வைத்து வீசச் சொன்னால் யாராக இருந்தாலும் திணறுவார்கள். எதிரணிக்கு அப்போது பாஸ்தான் வரும் என்று தெரியும்.

காயங்கள் பற்றிய வாதம் இன்னும் வலுவானது. முன்வரிசை உண்மையிலேயே உடைந்திருந்தது. ஆனால் முன்வரிசை பலவீனம் என்றால் நடுவில் ஓடாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்று, பெரும்பாலும் அதே ஒட்டுப்போட்ட வரிசைதான் டிசம்பரிலும் ஜனவரியிலும் ஆடியது.

சிலர் சைகைத் திருட்டு விவகாரத்தை இழுப்பார்கள். மிச்சிகன் ஊழியர் ஒருவர், வரப்போகும் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆட்களை அனுப்பி, அவர்கள் களத்துக்குள் காட்டும் சைகைகளைப் பதிவு செய்ய வைத்தது 2023 அக்டோபரில் அம்பலமானது. விதிமீறல்தான், தண்டனையும் கிடைத்தது. 2021, 2022 தோல்விகளில் அதற்குப் பங்கு உண்டா என்று வாதிடலாம். ஆனால் 2023 நவம்பர் ஆட்டத்துக்கு முன்பே அந்த ஊழியர் வெளியேறிவிட்டார். 2024-க்கு அந்தக் காரணத்தைக் கொண்டுவரவே முடியாது. ஒரு கூட்டம் ரசிகர்களுக்கு இந்தத் தோல்வி கூடுதலாக வலித்ததற்கு அதுவும் காரணம்: மூன்று வருடமாகச் சாய்ந்திருந்த சுவர் இல்லாமல் போயிற்று.

எஞ்சியது பயிற்சியாளர். இதிலும் இரண்டு கட்சி. ரயன் டே பெரிய ஆட்டத்தில் பயப்படுகிறார், உறைந்துபோகிறார் என்பது ஒரு கட்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. பயந்தவர் ஒளிந்துகொள்வார். இவரோ எதிரியின் பலமான இடத்தைத் தேடிப் போய் மோதினார். மூன்று வருடமாக "மென்மையானவர்கள்" என்று கேட்டுக் கேட்டு, இந்த முறை அவர்களை அவர்களுடைய வழியிலேயே, நடுவிலேயே தள்ளிக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அந்த 26 ஓட்டங்களில் தெரிகிறது. ஜெயிக்க எது சுலபமான வழி என்று பார்ப்பதற்குப் பதிலாக, எப்படி ஜெயித்தால் வாய்கள் அடங்கும் என்று பார்த்த ஆட்டம் அது. ஒவ்வொரு டவுனிலும் ஓடுவதா வீசுவதா என்று தேர்ந்தெடுத்தவர் சிப் கெல்லிதான் என்றாலும், அணியின் மனப்போக்கை வகுப்பவர் தலைமைப் பயிற்சியாளர்தான். அந்த மனப்போக்கை உருவாக்கியதில் ரசிகர்களுக்கும் பங்கு இருக்கிறது. மென்மை என்று சொல்லிச் சொல்லி, முரட்டு ஓட்டத்தைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

மிச்சிகனுக்கு உரிய பெருமையையும் குறைக்கக் கூடாது. கொலம்பஸில் நடக்கும் விவாதங்களில் எதிரணி ஒரு மரப்பொம்மை போலத்தான் வரும். கிரஹாமும் கிராண்டும் அன்று ஆடியது போல யார் ஆடினாலும் எந்த அணியும் தடுமாறும். கைவசம் இருந்த ஒரே பலத்தை வைத்து முழு ஆட்டத்தையும் வடிவமைத்தது நல்ல பயிற்சியாளர்களின் வேலை.

அடுத்த ஏழு வாரங்கள்

பழைய முறையாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். 2014 முதல் 2023 வரை தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க நான்கு அணிகள் மட்டும் ஆடிய பிளேஆஃபில், இரண்டு தோல்வி கண்ட அணி ஒருமுறைகூட இடம் பெற்றதில்லை. 2024-இல்தான் முதல்முறையாக 12 அணிகள். ஓஹையோ ஸ்டேட் 8-ஆவது இடத்தில் உள்ளே வந்தது. வீரர்களும் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிப் பேசிய ஒரு கூட்டம் நடந்ததாக வீரர்களே பின்னர் சொன்னார்கள். ரசிகர்களின் கோபம் மட்டும் தணியவில்லை. டிசம்பர் 21 அன்று சொந்த மைதானத்தில் நடந்த முதல் சுற்றில், டிக்கெட்டை விற்றுவிட்டு வீட்டில் இருந்தவர்கள் அதிகம். எதிரணியான டென்னசியின் ஆரஞ்சு நிறம் மைதானத்தின் பெரும் பகுதியில் தெரிந்தது.

அன்று ஆடியது வேறு அணி. முதல் கால்பகுதியிலேயே 21–0. ஸ்மித்துக்கு 103 யார்டு, 2 டச் டவுன். முடிவு 42–17. புத்தாண்டு அன்று ரோஸ் பௌல் என்ற காலிறுதியில், முதலிடத்தில் இருந்த ஆரிகனை முதல் பாதியிலேயே ஒரு கட்டத்தில் 34–0 என்று புரட்டினார்கள். ஸ்மித் 187 யார்டு. ஆட்டம் தொடங்கிய உடனேயே அவர் 45 யார்டு டச் டவுனைப் பிடித்தபோது, மிச்சிகன் ஆட்டத்தைப் பார்த்த எவருக்கும் மனதில் வந்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: நவம்பர் 30 அன்று இவருக்கு 5 பாஸ், 35 யார்டு மட்டும் ஏன்?

என் வாதத்துக்கு எதிரான சாட்சியும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அரையிறுதியில் டெக்சஸ், ஸ்மித்தை ஒரே ஒரு பாஸோடு அடக்கிவிட்டது. அந்த 28–14 வெற்றி, ஹெண்டர்சன் குறுகிய பாஸை வாங்கி ஓடிய 75 யார்டாலும், கடைசியில் எதிரணி தவறவிட்ட பந்தைச் சாயர் பொறுக்கி 83 யார்டு ஓடியதாலும் வந்தது. இறுதியாட்டத்தில் நோட்ர டாமுக்கு எதிராக 200 யார்டுக்கு மேல் ஓடினார்கள். ஆகவே ஓட்டமே தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வீச்சைக் கண்டு எதிரி அஞ்சிப் பின்வாங்கும்போது ஓட்டம் தானாகத் திறக்கிறது. அந்த அச்சத்தை உண்டாக்காமலே ஓடியதுதான் நவம்பரில் நடந்தது. 2025 ஜனவரி 20 இரவு அட்லாண்டாவில், ஆட்டம் நெருங்கி வந்தபோது, மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவைப்பட்ட இடத்தில், ஹோவர்டு ஸ்மித்தை நோக்கி ஆழமாக வீசினார். 56 யார்டு. மிச்சிகன் ஆட்டத்தில் அப்படி வீசச் சொல்லும் முடிவு வரவே இல்லை என்பதுதான் கோபத்தின் சாரம். கடைசியாக வெற்றியை உறுதி செய்த ஃபீல்டு கோலை உதைத்தவர் அதே ஃபீல்டிங். 34–23.

கோப்பை வந்த பிறகு விவாதம் புது வடிவம் எடுத்தது. மிச்சிகனிடம் தோற்றுக் கோப்பை வாங்குவது மேலா, மிச்சிகனை வென்றுவிட்டுக் கோப்பை இல்லாமல் இருப்பது மேலா? கூப்பர் காலத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் தயங்காமல் இரண்டாவதைச் சொல்கிறார்கள். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. கோப்பைதான் பெரிது. ஆனால் 12 அணி முறை வந்தபின் இந்தப் பகை ஆட்டத்தின் எடை குறைந்துவிடும் என்று சொன்னவர்கள் ஏமாந்துபோனார்கள். எடை கொஞ்சமும் குறையவில்லை. சாயர், எக்புகா, டுய்மோலோவ், ஹெண்டர்சன் நால்வரும் சாம்பியன் மோதிரத்தோடு என்எஃப்எல்லுக்குப் போனார்கள். தங்கக் கால்சட்டை ஒருவரிடமும் இல்லை. அவர்கள் பெயரை எடுக்கும்போதெல்லாம் ரசிகர்கள் இதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் ஓஹையோ ஸ்டேட் 27–9 என்று ஜெயித்து நான்கு வருடத் தொடரை முடித்தது. புது குவாட்டர்பேக் ஜூலியன் சாயின் மூன்று டச் டவுன் பாஸ் வீசினார். ஸ்மித்துக்கும் டேட்டுக்கும் பந்து ஆழமாகப் போனது. அதன் பிறகு ஓட்டமும் நன்றாகவே வந்தது. பலர் இதை 2024 பற்றிய விவாதத்துக்குக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். மிச்சிகனின் முன்வரிசையில் அன்று கிரஹாமும் இல்லை, கிராண்டும் இல்லை. முந்தைய வருடம் வீசி ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்களா என்பதை இந்த ஆட்டம் நிரூபிக்கவில்லை. முதல் டவுனிலேயே வீசத் துணிந்தால் மிச்சிகனுக்கு எதிராக என்ன கிடைக்கும் என்பதை மட்டும் காட்டியது.